வாடைக்காற்றும் வலது சுண்டுவிரலும்

பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். மூன்று பிரி முடியையும் விரலிடுக்குகளில் பிரித்துப் பிடித்து, ஒன்றை இழுத்து மற்றொன்றின்மேல் போட வேண்டும். எட்டு ஆண்டுகளாகச் செய்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டே செய்வேன். அன்று வலது கையில் பிடித்த பிரி மட்டும் நழுவி நழுவி விழுந்தது. மூன்று முறை அவிழ்த்துப் பின்னினேன். நான்காம் முறை அவளே பின்னால் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். "சடை தொளதொளவென்று இருக்கிறது அம்மா. நான் ரிப்பன் மட்டும் கட்டிக்கொண்டு போகிறேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

கையை விரித்துப் பார்த்தேன். விரல்களை ஒன்றோடொன்று சேர்த்து நெருக்கினால், சுண்டுவிரல் மட்டும் சேராமல் தனியே விலகி நின்றது. இடது கையால் பிடித்துச் சேர்த்துவைத்தேன். விட்டதும் மறுபடி விலகியது. வலி துளியும் இல்லை. வலி இருந்திருந்தால் மூன்று வாரத்துக்கு முன்பே சைக்கிளைச் சுவரில் சாய்த்திருப்பேன்.

முந்தைய இரண்டு நாட்களில் 260 கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். மார்ச்சில் 400 கிலோமீட்டர் சவாரி இருந்தது. அதற்கான பயிற்சி.

நான் போகும் சவாரிகளுக்குப் பிரெவே என்று பெயர். பிரான்சில் பிறந்த முறை. பந்தயம் கிடையாது; முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள், 300ஐ 20 மணி நேரத்துக்குள், 400ஐ 27 மணி நேரத்துக்குள், 600ஐ 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் குறித்த இடங்களில் நின்று, வந்து சேர்ந்த நேரத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். நான்கையும் ஒரே பருவத்தில் முடிப்பவரை சூப்பர் ரேண்டனர் என்பார்கள். இந்த முறையின் உச்சம் பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகரம் வரை போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர். 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. இன்று நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அவ்வளவு தூரத்துக்கு நான் கனவு காணவில்லை. நான்கு தூரங்களையும் ஒரே பருவத்தில் முடித்துவிட வேண்டும் என்பதுதான் முப்பத்தெட்டு வயதில் எனக்கு வந்த ஆசை. நவம்பரில் 200 முடித்தேன். ஜனவரியில் 300 முடித்தேன், பதினெட்டு மணி நேரத்தில். உச்சிப்புளியில் குடியிருக்கும் ஒரு கணக்கு ஆசிரியைக்கு அந்த இரண்டு பதக்கங்களும் எவ்வளவு பெரியவை என்று சொல்லத் தெரியவில்லை. சுண்டுவிரல் முதலில் மரத்தது அந்த 300இல்தான்.

எங்கள் ஊர்ப்பக்கம் மேடு இல்லை. ராமநாதபுரம் கடற்கரையில் எங்கே தேடினாலும் மேடு என்று சொல்ல ஒரு பாலம்தான் கிடைக்கும். சைக்கிள்காரர்கள் படங்களைப் பார்த்துவிட்டு, "சமதளம்தானே, சுகமாக ஓட்டலாமே" என்பார்கள். இங்கே காற்றுதான் மேடு. மலைச்சாலையில் ஏறினால் இறக்கம் ஒன்று வரும். கால் ஓயும், கை ஓயும். எதிர்க்காற்றுக்கு இறக்கம் கிடையாது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நான் போகும்போது எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், என் உடல்மேல் மோதும் காற்றின் வேகம் 40 ஆகிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். வகுப்பில் வர்க்கம் சொல்லிக்கொடுக்கும்போது நான் இந்தக் கணக்கைத்தான் போடுவேன். பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். எல்லோரும் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கு வருகிறவர்கள்.

மார்கழி, தையில் வீசுவது வாடை. வடகிழக்கிலிருந்து வரும். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து கச்சான் கிளம்பிவிடும். புரட்டாசி வரை அதன் ராஜ்யம்தான். என் பயிற்சி வழி, உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரம் போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, ஏர்வாடி தாண்டிச் சாயல்குடி வரை. போக வர 150 கிலோமீட்டர் சொச்சம். வாடைக் காலத்தில் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். ஓடையும் உப்பளமும் பனங்காடும் ஓடி மறையும். காலில் புதிய பலம் வந்துவிட்டதைப் போல் தோன்றும். சாயல்குடியில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், அதே காற்று முகத்தில் நிற்கும். காலையில் இரண்டே முக்கால் மணி நேரத்தில் போன தூரத்துக்குத் திரும்பிவர ஐந்து மணி நேரம் ஆகும். அந்த ஐந்து மணி நேரமும் முதுகை வளைத்து, வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடித்து, தலையைத் தாழ்த்தி ஓட்டுவேன். நிமிர்ந்தால் நெஞ்சு பாய்மரம் ஆகிவிடும். குனிந்தால் உடம்பின் முன்பாரம் முழுவதும் இரண்டு உள்ளங்கைகளில் இறங்கும்.

வழியில் ஒரு டீக்கடை அம்மா எப்போதும் கேட்பார்: "இவ்வளவு தூரம் என்ன வேண்டுதல் தாயி?" ஏர்வாடிக்கு வேண்டுதலோடு நடந்து வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவர். இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார். இப்போது யோசித்தால் அவர் கேட்டதில் தவறில்லை. வேண்டுதலுக்குப் போகிறவர் உடம்பைப் பொருட்படுத்தமாட்டார். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

ஜனவரிச் சவாரியின் 220ஆவது கிலோமீட்டரில் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்தன. கையை உதறினேன், திரும்பியது. மறுபடி மரத்தது, மறுபடி உதறினேன். முடித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் நுனியில் எறும்பு ஊர்கிறதைப் போல் இருந்தது. கூட ஓட்டுகிறவர்களிடம் கேட்டேன். "எல்லோருக்கும் வரும், இரண்டு நாளில் போய்விடும்" என்றார்கள். பொய் இல்லை, பலருக்கு வருகிறது, பலருக்குப் போயும் விடுகிறது. எனக்கு நான்கு நாள் ஆனது. முழுவதும் போய்விட்டதா என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தயங்கியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு வந்தது அந்தச் சனி, ஞாயிறு. சனிக்கிழமை சாயல்குடி. ஞாயிற்றுக்கிழமை களைத்த காலோடு ஓட்டிப் பழக வேண்டும் என்று ராமேஸ்வரம், தனுஷ்கோடி, அரிச்சல்முனை. பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறினேன். 1988இல் திறந்த பாலம், 2.3 கிலோமீட்டர் நீளம். பக்கத்தில் ரயில் பாலங்கள்: 1914இன் பழைய பாலமும், 2025இல் திறந்த, நடுத்துண்டு செங்குத்தாக மேலே ஏறும் புதிய பாலமும். பயணிகள் எல்லோரும் நின்று படம் எடுக்கும் இடம். நான் அன்று பார்த்தது தார்ச்சாலையை மட்டுமே. பாலத்தின் இணைப்புப் பட்டைகள் ஒவ்வொன்றையும் முன்சக்கரம் தாண்டும்போது ஓர் அடி உள்ளங்கையில் ஏறும். பக்கவாட்டில் வாடை தள்ளுகிறது என்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன். இறுக்கிப் பிடித்த கையில் ஒவ்வோர் அடியும் முழுதாக இறங்கியது. திரும்பி வரும்போது மீண்டும் அத்தனை அடிகள். மண்டபம் வந்தபோது வலது கையின் வெளிப்புறம் முழுவதும் மரக்கட்டையாக இருந்தது. மோதிரவிரல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அதை ஒரு சாதனையாக எண்ணினேன் என்பதை எழுத இப்போது வருத்தமாக இருக்கிறது. அடுத்த நாள் காலைதான் சடை.

அருகில் இருந்த மருத்துவரிடம் போனேன். சத்துக்குறைவு என்று மாத்திரையும் ஊசியும் தந்தார்கள். பத்து நாள் போட்டேன். அந்தப் பத்து நாளில் கரும்பலகையில் வட்டம் வரையும்போது சுண்ணக்கட்டி நழுவியது. பூட்டில் சாவியைத் திருப்ப இடது கை துணைக்கு வந்தது. சோற்றைப் பிசைந்து எடுத்தால் சுண்டுவிரல் பக்கமாகப் பருக்கைகள் ஒழுகின. ஒருநாள் இரவு பாத்திரம் கழுவும்போது சுண்டுவிரலின் பக்கத்தில் கொப்புளம் ஒன்று பளபளவென்று நின்றது. எப்போது சுட்டது? யோசித்து யோசித்துப் பார்த்தேன். மாலையில் சோறு வடிக்கும்போது பானையின் விளிம்பில் அந்த விரல் பட்டிருக்க வேண்டும். சூடு தெரியவே இல்லை. என் உடம்பில் ஒரு பகுதி தீயில் பட்டும் எனக்குச் செய்தி வரவில்லை. அன்றுதான் பயந்தேன்.

மறுநாள் மதுரை பஸ் ஏறினேன். நரம்பியல் மருத்துவர் ஓர் அம்மையார். முதலில் தோலில் எங்காவது வெளிர்நிறத் திட்டு, உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா என்று கேட்டார். முழங்கையின் உட்பக்கத்தில் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்த்தார். தொழுநோய் இதே நரம்பைத்தான் முழங்கை அருகே தாக்கும். சுண்டுவிரல் மரத்துப்போய் வருகிறவரிடம் நம் நாட்டில் அதை முதலில் விலக்கியாக வேண்டும் என்று விளக்கினார். சர்க்கரை அளவும் பார்க்கச் சொன்னார். இதைக் கேட்டு அதிர்ந்தவர்கள் உண்டாம். எனக்கு அந்தக் கேள்வியில் ஒரு நிம்மதி கிடைத்தது. ஒருவர் என் கையை முழுதாகக் கணக்கில் எடுக்கிறார் என்ற நிம்மதி.

பிறகு கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் கையின் பல இடங்களைத் தொட்டார். சுண்டுவிரலின் உட்பக்கம் தெரியவில்லை. உள்ளங்கையின் ஓரம் தெரியவில்லை. புறங்கையில், சுண்டுவிரலுக்கு மேலே, நன்றாகத் தெரிந்தது. அந்த ஒரு வேறுபாடே அவருக்குப் போதுமானதாக இருந்தது. முழங்கையில் இடித்துக்கொண்டால் சுரீரென்று சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்கிறதே, அதுதான் அல்நார் நரம்பு. புறங்கைக்கு உணர்ச்சி தரும் கிளை மணிக்கட்டுக்கு வருவதற்கு முன்பே பிரிந்துவிடும். முழங்கையில் நசுங்கியிருந்தால் புறங்கையும் மரத்திருக்கும். புறங்கை நன்றாக இருப்பதால் சிக்கல் மணிக்கட்டில். அங்கே, பட்டாணி அளவு எலும்பு ஒன்றுக்கும் கொக்கி போன்ற எலும்பு ஒன்றுக்கும் நடுவில், நரம்பு ஒரு குறுகிய வழியாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. 1861இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் கியோனின் பெயரால் கியோன் கால்வாய் என்பார்கள். உங்கள் உள்ளங்கையின் கீழ்மேட்டில், சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டுக் கோட்டை ஒட்டி அழுத்திப் பாருங்கள். பட்டாணி எலும்பு தட்டுப்படும். சைக்கிள் கைப்பிடி சரியாக அங்கேதான் உட்காருகிறது.

ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலின் பக்கத்துக்கும் இடையே பிடிக்கச் சொன்னார். அவர் இழுத்தார். விடக் கூடாது என்று பிடித்தபோது கட்டைவிரலின் நுனி மடங்கியது. "பாருங்கள், பிடிக்க வேண்டிய தசைக்குப் பலம் இல்லை. அதனால் வேறொரு நரம்பின் தசை உதவிக்கு வருகிறது" என்றார். கட்டைவிரலுக்கும் இந்த நரம்புக்கும் தொடர்பு உண்டு என்றே எனக்குத் தெரியாது. சுண்டுவிரல் மரப்பதைச் சின்ன விஷயம் என்று நினைத்தேன். சடை பின்னுவதும் சுண்ணக்கட்டி பிடிப்பதும் சாவி திருப்புவதும் அதே நரம்பின் கையில் இருந்தன.

நரம்புக் கடத்தல் பரிசோதனையில் சின்னச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து, செய்தி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். முழங்கை வரை ஒழுங்காக ஓடியது. மணிக்கட்டில் தாமதித்தது. நரம்பின் மேலுறை நசுங்கியிருக்கிறது, உள்ளிழை பெரும்பாலும் தப்பியிருக்கிறது என்றார் மருத்துவர். உறை மீண்டும் வளர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். உள்ளிழை செத்திருந்தால் அது ஒரு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அதற்குள் தசை மெலிந்துவிட்டால் முழுப் பலமும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. "இன்னும் ஒரு மாதம் இப்படியே ஓட்டியிருந்தால்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. என் வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் இருக்கும் சதையைத் தொட்டுக் காட்டினார். இடது கையைவிட அது கொஞ்சம் குழிந்திருந்தது.

மார்ச் மாதத்து 400 போயிற்று. அந்தப் பருவமே போயிற்று. பஸ்ஸில் திரும்பும்போது பரமக்குடி தாண்டும் வரை அழுதேன்.

மண்டபத்தில் இறங்கி அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடலில் இறங்கிப் பாசி எடுத்தவர். அரைநாள் தண்ணீரில் நின்று, மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். பாறை அறுக்கும். மீன்முள் குத்தும். அதனால் பழந்துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். சிறுவயதில் அம்மாவின் விரல்களுக்குத் துணி சுற்றிவிடுவது என் வேலை. இறுக்கினால் திட்டு விழும்: "ரத்தம் ஓட வேண்டாமா?"

என் கையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கொப்புளத்தைப் பார்த்தார்.

"வலித்ததா தாயி?"

"இல்லை அம்மா. மரத்துத்தான் போனது."

"எத்தனை நாளாக?"

"தைப் பிறப்பிலிருந்து."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வலி வந்தால் நல்லது, கையை எடுத்துவிடுவோம். மரத்துப்போனால்தான் மோசம். பாறை அறுத்தது தெரியாது. கரைக்கு வந்து துணியை அவிழ்த்தால்தான் எவ்வளவு அறுத்திருக்கிறது என்று தெரியும். கை மரத்தால் அதற்கு மேல் மூழ்கக் கூடாது. உனக்கு நான் சொன்னதில்லையா?"

சொல்லியிருக்கிறார். பத்து வயதில் காதில் விழுந்தது, அது கடலுக்கான பேச்சு என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் கணக்கு ஆசிரியையாகிய நான் எண்ணிப் பார்த்தேன். அம்மாவும் அவர் கூட்டத்துப் பெண்களும் மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குவார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். நீர் வற்றி ஏறும் கணக்கு அப்படி. பாசி மறுபடி வளரவும் நாள் வேண்டும். எடுத்த பாசி காயும், கை ஆறும். கூலி குறைந்தாலும் பதின்மூன்றாம் நாள் இறங்கினவர் கிடையாது. நானோ வாரத்துக்கு ஐந்து நாள் ஓட்டினேன். இரண்டு ஓய்வு நாட்களையும் குற்ற உணர்ச்சியோடு கழித்தேன். அம்மாவைப் பார்த்துத்தான் எனக்குப் பொறுமை வந்தது என்று பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் பொறுமையில் பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டேன். தாங்குகிற பாதி. நிறுத்துகிற பாதியை எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் மூன்றரை மாதம். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரவில் மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு கட்டு. சைக்கிளைத் தொடவில்லை. தரையில் உள்ளங்கை ஊன்றி எழக் கூடாது என்றார்கள். எத்தனை முறை அப்படி எழுகிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. இயன்முறை மருத்துவர் விரல்களில் ரப்பர் வளையம் மாட்டி விரிக்கச் சொன்னார், தட்டிலிருந்து கொண்டைக்கடலை பொறுக்கச் சொன்னார். அம்மாவுக்கு அந்தக் கடலைப் பயிற்சி வீண்வேலையாகப் பட்டது. வெயிலில் உலர்ந்த பாசிக் குவியலை என் முன் கொட்டினார். பாசி விற்பனைக்குப் போகும் முன் அதில் சிக்கிய கல்லும் சிப்பித்துண்டும் பொறுக்க வேண்டும். மாலை மாலை உட்கார்ந்து பொறுக்கினேன். முதலில் பெரிய சிப்பிகள் மட்டும் கையில் சிக்கின. சித்திரை முடியும்போது அரிசி அளவுக் கல் சிக்கியது. உணர்ச்சி திரும்பிய நாள் நினைவிருக்கிறது: பாசியின் சொரசொரப்பு சுண்டுவிரலில் பட்டது, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கூசியது. மனித உடம்பில் கூச்சம் எவ்வளவு நல்ல உணர்ச்சி!

இந்த மூன்றரை மாதத்தில் சைக்கிளை உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைத்தது. இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். குறிப்பாகப் பெண்கள் படிக்க வேண்டும். என் சைக்கிள் பழையது வாங்கியது. என் உயரம் 158 சென்டிமீட்டர். சட்டத்தின் அளவு 54. என்னைவிட ஒரு சாண் உயரமான ஆணுக்குப் பொருந்தும் அளவு. இருக்கையிலிருந்து கைப்பிடிக்கு எட்ட நான் நீண்டு படுக்க வேண்டியிருந்தது. எலும்பும் தசையும் தாங்க வேண்டிய பாரத்தை உள்ளங்கைகள் தாங்கின. இருக்கையின் முன்மூக்கு அழுத்தி வலித்ததால், அதைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்திருந்தேன். பெண்களில் பலர் இதைச் செய்கிறோம், வெளியே பேசுவதில்லை. மூக்கு சாய்ந்தால் உடம்பு முன்னால் சரிந்துகொண்டே இருக்கும். சரியாமல் தள்ளிப் பிடிக்கும் வேலை இரவும் பகலும் கைகளுக்கு. இருக்கையைச் சமமாக வைத்து, அகலமும் நடுப்பள்ளமும் எனக்குப் பொருந்தும் வேறொன்றை மாற்றினேன். கைப்பிடியைச் சட்டத்தோடு சேர்க்கும் தண்டை 110 மில்லிமீட்டரிலிருந்து 80 ஆகக் குறைத்தேன். கைப்பிடியை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினேன். தடித்த நாடா சுற்றினேன்.

டயர் கதை தனி. எங்கள் பக்கம் சாலை ஓரம் முழுக்கச் சீமைக் கருவேலம். முள் குத்தாத வாரம் இல்லை. காற்றைக் கல்லாக அடைத்தால் முள் ஏறாது என்று கடையில் சொன்னார்கள். 25 மில்லிமீட்டர் டயரில் 110 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை காற்று அடைத்து ஓட்டினேன். முள் அப்போதும் ஏறியது. சாலையின் ஒவ்வொரு கல்லும் பாலத்தின் ஒவ்வொரு பட்டையும் மணிக்கட்டுக்கு வந்தது. இப்போது 32 மில்லிமீட்டர் டயர், பாதிக்குக் கொஞ்சம் மேல் காற்று. வேகம் குறையும் என்று பயந்தேன். குறைந்ததாகத் தெரியவில்லை. முள்ளுக்கு டயரின் உள்ளே ஒரு தடிப்பட்டை போட்டிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேல் பழக்கம் மாற வேண்டியிருந்தது. மண்டபத்தில் கடலுக்குப் போகிறவர்கள் வடகடல், தென்கடல் என்று பிரித்துச் சொல்வார்கள். பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். கச்சான் வந்தால் தென்கடல் குமுறும், வடகடல் குளமாகக் கிடக்கும். வாடையில் தலைகீழ். படகுகளைக் காற்றுக்கேற்ப இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாற்றிக்கொள்வார்கள். கைப்பிடியில் கைவைக்க நான்கு இடம் இருந்தும் நான் மணிக்கணக்காக ஒரே இடத்தைப் பிடித்திருந்தேன். இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறேன். மணிக்கட்டைப் பின்னால் மடக்காமல் நேராக வைக்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை ஒரு கையை எடுத்து விரல்களை விரித்துச் சேர்த்துப் பார்க்கிறேன். சுண்டுவிரல் சேருகிறதா என்று.

ஜூன் நடுவில் மருத்துவர் அனுமதித்தார். முதல் நாள் பத்துக் கிலோமீட்டர். காற்று கச்சானாக மாறியிருந்தது. அதே சாலையில் இப்போது போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. ஆகஸ்ட் வந்துவிட்டது, நாற்பது வரை ஓட்டுகிறேன். முப்பதாவது கிலோமீட்டரில் ஒருநாள் சுண்டுவிரல் நுனி லேசாக மரத்ததும் இறங்கிவிட்டேன். புளியமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். சரியானது. இருந்தும் ஏறவில்லை, கணவரைக் கூப்பிட்டு, தெரிந்தவரின் சரக்கு ஆட்டோவில் சைக்கிளைப் போட்டு வீட்டுக்கு வந்தேன். நவம்பரில் மறுபடி 200இல் தொடங்குவதாக எண்ணம். 400ஐப் பற்றி இப்போது யாரிடமும் பேசுவதில்லை. ஆசை இருக்கிறது.

விரல் முழுவதும் குணமாகிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு: நுனியில் மட்டும் இன்னும் கொஞ்சம் குளிர் இருக்கிறது. வெந்நீரில் கைவிட்டால் மற்ற விரல்களுக்கு ஒரு நொடி பிந்தித்தான் அதற்குச் சூடு தெரிகிறது. குழிந்த சதை பாதி நிரம்பியிருக்கிறது.

போன திங்கட்கிழமை மகள் சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு தானாகவே என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவளுடைய பாட்டிதான் வரும்போதெல்லாம் பின்னிவிட்டார். மற்ற நாளில் ரிப்பன் மட்டும்தான். மூன்று பிரியாகப் பிரித்தேன். வலது கைப் பிரி நின்றது. இழுத்து இழுத்துப் பின்னினேன். நுனி வரை ஒரு முடி பிசகவில்லை.

"வலிக்கிறது அம்மா" என்றாள்.

கொஞ்சம் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன்.